ஒரே மாதிரி இரண்டு பச்சைச் சேலைகள்

அன்புள்ள அக்கா,

காலையில் பள்ளியில் என் தோழி மெஹக்கிடம் இதைக் கொடுத்துவிடுவேன். அவள் மாமா உல்லாஸ்நகரில் உன் வீட்டுப் பக்கம்தான் இருக்கிறாராம். அண்ணன் கதவை ஒட்டிப் படுத்திருக்கிறான். அவன் புரண்டால் எழுதுவதை நிறுத்திவிடுகிறேன்.

அடுத்த வெள்ளி நம் தெரு அம்மனுக்குக் கொடைத் திருவிழா. அண்ணன் அம்மனுக்குப் பச்சைச் சேலை எடுத்தான். அதே மாதிரி உனக்கும் ஒன்று எடுத்திருக்கிறான். நீ வீட்டைவிட்டுப் போனதிலிருந்து உன் பெயரையே சொல்லாதவன்.

"அவளும் அந்தப் பையனும் கொடைக்கு வரட்டும்மா, மன்னிச்சாச்சு" என்றான்.

"ஏலே, மன்னிச்சவன் மூஞ்சியா இது?" என்று அம்மா கேட்டாள். அப்பா அவளை அதட்டி உள்ளே அனுப்பிவிட்டார்.

வில்லுப்பாட்டில் வரும் அம்மன் கதை உனக்குத் தெரியுமே. பிடித்தவனோடு போன தங்கச்சியை அண்ணன்மார் திருவிழாவுக்கென்று திரும்ப அழைத்தார்கள். புதுச்சேலை கொடுத்தார்கள். அப்புறம்தான் அவள் சாமியானாள். பயந்துபோய் அவர்களே கோயில் கட்டிக் கும்பிட்டார்கள். அந்த இடம் வரும்போது நாமும் வருஷா வருஷம் குலவை போட்டோம். சேலை கொடுத்ததற்கும் சாமியானதற்கும் இடையில் என்ன நடந்தது என்று நான் யோசித்ததே இல்லை.

உன் நம்பர் எப்படியோ அண்ணனுக்குக் கிடைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்னைத்தான் பேசச் சொல்லியிருக்கிறான். பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். நான் சிரித்துச் சிரித்துக் கூப்பிடுவேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றுகூடச் சொல்வேன். எதையும் நம்பாதே. நடுவில் நான் அழுதால் அது மட்டும் நிஜம். அதற்காகவும் வராதே.

உன் தங்கச்சி