ஊட்டியைச் சுற்றிக் காட்டச் சொன்னவளுக்கு

சாப்பாட்டு மேசையில் ஒரு வர்க்கிப் பொட்டலம் வாய் திறந்தபடி கிடக்கிறது. நேற்று சாயங்காலம் உன் மகள் நித்யா வாங்கி வைத்துவிட்டுப் போனது. பிரித்தால் வாயை மடித்து ரப்பர் பேண்ட் போட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது. குன்னூர் ஈரம் ஒரே இரவில் தன் வேலையைக் காட்டிவிட்டது. தொட்டால் நொறுங்க வேண்டிய பிஸ்கட் துணிபோல மடிகிறது. அடுப்பில் சுட்ட மாவின் வாசனை மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த வாசனைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு உன்மேல் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

இறந்தவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்கிற மரியாதை எனக்கும் தெரியும். ஆனால் நீ செய்திருக்கும் காரியம் அப்படி. பதில் சொல்ல நீ இல்லை என்பது அதைவிட எரிச்சல்.

நடந்ததைச் சொல்கிறேன். பிப்ரவரியில் நித்யா பெங்களூரிலிருந்து போன் செய்தாள். "ஆண்ட்டி, அம்மா வருஷா வருஷம் உங்ககூட ஊட்டி சுத்துவாங்களே, அதே மாதிரி எனக்கும் ஒரு நாள் வேணும். அம்மா பாத்ததையெல்லாம் பாக்கணும்" என்றாள். நான் என் நிபந்தனைகளைச் சொன்னேன். மார்ச்சில் வர வேண்டும், கூட்டம் ஏறுவதற்குமுன். வார நாளில் வர வேண்டும். இங்கிருந்து ஊட்டிக்கு ரயிலில்தான் போக வேண்டும், டிக்கெட்டை முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் "சரிங்க ஆண்ட்டி" என்றாள். வந்ததோ ஏப்ரல் கடைசியில், சனிக்கிழமை, காரில். ஆபீசில் லீவு கிடைக்கவில்லையாம். ரயிலில் இடமும் கிடைக்கவில்லையாம். கான்வெண்ட்டில் நமக்குச் சொல்லிக்கொடுத்த வசந்தம் முடிந்து, கீழ்நாட்டு வெயிலெல்லாம் மலையேறி வந்துவிட்ட பிறகு வந்து நின்றாள்.

டாக்ஸி ஸ்டாண்டு பெள்ளியை உனக்குத் தெரியுமே, அவள் காரை வாசலிலேயே நிறுத்திவிட்டு அவன் வண்டியில்தான் கிளம்பினோம். அருவங்காட்டைத் தாண்டுவதற்குள்ளேயே வண்டிகள் வரிசை கட்டி நின்றன.

"லவ்டேல் ஜங்ஷன் வரைக்கும் இப்படித்தாங்க மேடம்" என்றான் பெள்ளி. "கேரட் லாரிகூட இன்னிக்கு நம்மள ஓவர்டேக் பண்ணிரும்."

"வேறு வழி கிடையாதா?"

"இருக்குதுங்க. திரும்பி வீட்டுக்குப் போற வழி காலியா இருக்குது."

நித்யா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உனக்காக அல்லவா அந்த நாளை நான் ஒதுக்கியிருந்தேன்? உன் மகள் உன்னைச் சரியாகத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று. கைபேசியைப் பார்த்து அவள், "இங்க ஒரு சாக்லேட் ஃபேக்டரி இருக்காம், கண்ணாடிப் பாலம் இருக்காம்" என்று படித்துக்கொண்டே வந்தாள். "உன் அம்மா கண்ணாடிப் பாலத்தில் நடக்கவில்லை" என்றேன். அதன்பின் கைபேசி பைக்குள் போனது.

பூங்காவில் நுழைவதற்கே நீண்ட வரிசை. உள்ளே போனால், மலர்க்காட்சிக்காகத் தொட்டிகளை அடுக்கிக் கயிறு கட்டியிருக்கிறார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் புல்வெளி முழுக்கப் படமெடுக்கும் கூட்டம். ஒரு குடும்பம் என் கையிலேயே அவர்கள் போனைக் கொடுத்து, "பாட்டி, ஒரு போட்டோ எடுங்க" என்றது. எடுத்தேன். ஆனால் அவர்கள் நின்ற இடம் சரியில்லை, முகத்தில் நிழல் விழுந்தது, நகரச் சொன்னேன். அதற்கு அந்தப் பையன் முகத்தைச் சுளித்தான். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தவே இடமில்லை, சாலையிலிருந்து பார்த்ததோடு சரி.

இந்த அமளியில் உன்னை எங்கே காட்டுவது? மார்ச்சில் வர வேண்டும் என்றுகூடப் பெண்ணுக்குச் சொல்லிவைக்கவில்லையே என்று வண்டிக்குள் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

என் கணவர் காலமானபின் எஸ்டேட் பங்களாவைக் காலிசெய்துவிட்டு இந்தச் சின்ன வீட்டுக்கு வந்தேனே, அந்த நாட்கள் நினைவிருக்கிறதா? ஹார்லிக்ஸ் பாட்டிலும் மாதுளம்பழமும் எடுத்துக்கொண்டு வந்தார்கள் ஊரார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "எப்படி இருக்கீங்க?" என்று இழுத்துக் கேட்பார்கள். அந்தக் குரலைக் கேட்டாலே எனக்கு முதுகு நிமிர்ந்துவிடும். நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி வாசலோடு அனுப்பிவிடுவேன். பிறகு கதவைத் திறப்பதையே நிறுத்திவிட்டேன். சமைப்பதும் பாதி நாள்தான். இதை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடமும் சொல்லவில்லை.

அப்போதுதான் கோயமுத்தூரிலிருந்து உன் போன். நலம் விசாரிக்கவில்லை நீ. "ஏன்டி, எனக்கு ஊட்டி பாக்கணும். இந்த வெயில்ல மண்டை காஞ்சு எல்லாம் மறந்துபோச்சு. நீ கூட்டிட்டுப் போறியா, இல்ல கைடு ஒருத்தனப் பிடிச்சுக்கட்டுமா?" என்றாய்.

கைடுகள் என்னென்ன உளறுவார்கள் என்று எனக்குத் தெரியும். "வேண்டாம், நானே வருகிறேன்" என்றேன். அலமாரியின் அடியிலிருந்து என் நடைச் செருப்பைத் தேடி எடுத்தேன். நாப்தலின் வாசனை வீசும் கார்டிகனை வெயிலில் போட்டேன்.

அன்று தொடங்கி, உன் உடம்பு முடியாமல் போகும்வரை ஒவ்வொரு மார்ச்சும் வந்தாய். ஒவ்வொரு மார்ச்சும் எல்லாவற்றையும் தப்பாகவே செய்தாய். ரயிலில் பள்ளத்தாக்கு தெரியும் பக்கத்தை விட்டுவிட்டு, மலையை வெட்டிய சுவர் மட்டும் தெரியும் ஜன்னலில் போய் உட்காருவாய். கையைப் பிடித்து இழுத்து இந்தப் பக்கம் உட்காரவைப்பேன். பூங்காவில் கல்லாகிப்போன அந்த மரத்துக்கு முன்னால் நின்று, உன் மாமியார் வீட்டுக் கொங்குத் தமிழில், "ஏனுங்க கைடம்மா, இந்தக் கட்டையை யாருங்க இங்க போட்டுட்டுப் போனது?" என்பாய். விளக்குவேன். மேட்டின்மேல் இருக்கும் பழைய வெள்ளைக்காரர் தேவாலயத்தில் அண்ணாந்து பார்த்து, "இந்த உத்தரமெல்லாம் மைசூர் ராஜா பரிசாக் குடுத்ததுதானே?" என்பாய்.

"பரிசா? திப்புவின் அரண்மனையைப் பிரித்து எடுத்துக்கொண்டு வந்த மரம். யானைகளை வைத்து மலையேற்றினார்கள்."

"அட, அப்படியா! எனக்குத் தெரியவே தெரியாதே!"

"போன வருஷமும் இதையேதான் சொன்னாய்."

"போன வருஷமும் நீ இதே மாதிரிதான் கத்துன. அங்க பாரு, பாதிரியார் திரும்பிப் பாக்கறாரு."

சாயங்காலம் வீடு திரும்பும்போது எனக்குத் தொண்டை கட்டியிருக்கும். பசி எடுக்கும். இருவரும் ரசமும் அப்பளமும் வைத்துச் சாப்பிடுவோம், நான் மறுசோறு போட்டுக்கொள்வேன். கோயமுத்தூர் வெயில் இவள் மூளையை இப்படி உருக்கிவிட்டதே என்று உனக்காக வருத்தப்பட்டுக்கொண்டே தூங்கிவிடுவேன். அந்த ஒரு நாளைப் பற்றி ஏப்ரல் முழுக்க மனதுக்குள் பேசிக்கொண்டிருப்பேன். அடுத்த முறை இதை இப்படிச் சொல்ல வேண்டும், அதை அந்த இடத்திலிருந்து காட்ட வேண்டும் என்று.

நேற்றும் கடைசியாக அந்தத் தேவாலயத்துக்குத்தான் போனோம். அங்கே மட்டும் கூட்டம் குறைவு. நித்யா பெஞ்சில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாள். நான் சொல்லத் தொடங்குவதற்குள் அவளே சொன்னாள்:

"இதெல்லாம் ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு அரண்மனையிலிருந்து கொண்டுவந்த மரம்தானே ஆண்ட்டி? யானை இழுத்துட்டு வந்துச்சுன்னு அம்மா சொல்லுவாங்க."

"எப்போது சொன்னாள்?"

"நான் ஸ்கூல்ல படிக்கும்போதே. எங்க எல்லாரையும் இங்க கூட்டிட்டு வந்து அம்மாதான் ஒவ்வொண்ணா சொல்லுவாங்க. அந்தக் கல்மரம்கூட. ரயில்ல எந்தப் பக்கம் உக்காரணும்ங்கறதுலகூட அப்பாகிட்ட சண்டை போடுவாங்க."

அவள் பள்ளியில் படித்த காலத்தில் என் கணவர் உயிரோடு இருந்தார். நீயும் நானும் மார்ச்சுகளில் சுற்ற ஆரம்பிக்கவே இல்லை.

"அப்படியானால் வருஷா வருஷம் என்னிடம் எதற்குக் கேட்டாள்?"

நித்யா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு மறைக்கத் தெரியாமல் சிரித்தாள். "அம்மா சொல்லுவாங்க ஆண்ட்டி... 'அவ சோறு இல்லாமக்கூட இருந்துக்குவா, திருத்தறதுக்கு ஒரு ஆள் இல்லாம இருக்க மாட்டா'ன்னு."

எனக்கு ஏன் இது முன்பே தோன்றவில்லை? கான்வெண்ட்டில் வரலாற்றுப் பரிசு என்றைக்கும் உனக்குத்தான். எனக்குக் கிடைத்தது தையலுக்கும் கையெழுத்துக்கும். தேசப்படத்தில் ஒரு நதியைக்கூடத் தப்பாக வரையாதவள், ரயிலில் எந்த ஜன்னல் என்று தெரியாமல் விழித்தாய் என்றால் நான் நம்பினேனே. நம்பியது மட்டுமல்ல, உன்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன். ஹார்லிக்ஸ் பாட்டில்களை வாசலோடு திருப்பி அனுப்பியவளுக்கு, அதே சரக்கை நீ வேறு உறையில் போட்டுக் கொடுத்திருக்கிறாய். நானும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன், மறுசோறோடு.

தேவாலயத்திலிருந்து திரும்பினோம். கேத்தி தாண்டியதும் கேட்டேன்: "நீயும் அதற்காகத்தான் வந்தாயா? கிழவி தனியாக இருக்கிறாளே, போய்ப் பேச்சுக் கொடுப்போம் என்று?"

"இல்லைங்க ஆண்ட்டி."

"உண்மையைச் சொல்."

அவள் வெளியே தேயிலைச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா போனப்புறம் எல்லாரும் அவங்கள தெய்வமாக்கிட்டாங்க. பொறுமைசாலி, தியாகி, அது இதுன்னு. யாருகூடப் பேசினாலும் அது எங்க அம்மாவே இல்ல. நீங்க ஒருத்தர்தான் இன்னும் திட்டறீங்க. காலையிலிருந்து நீங்க அம்மாவத் திட்டத் திட்ட எனக்கு அவங்க பக்கத்துலயே உக்காந்திருக்கற மாதிரி இருந்துச்சு."

முன்சீட்டில் பெள்ளி ரேடியோவை அணைத்துவிட்டான்.

வாசலில் தன் காரில் ஏறுமுன், "அடுத்த மார்ச்சுல வரட்டுங்களா ஆண்ட்டி? இந்தத் தடவை லீவு முன்னாடியே போட்டுடறேன்" என்றாள். உன்னைப் போலவே கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

"பார்க்கலாம்" என்றேன். அவள் முகம் சுருங்கியது எனக்குத் தெரிந்தது. இருந்தும் கேட்டைச் சாத்திவிட்டேன்.

இரவு முழுக்க யோசித்தேன். வா என்றால், இனிமேல் அவள் வருவது என்மேல் இரக்கப்பட்டுத்தான் என்று தெரிந்துகொண்டே வரச்சொல்வதாகும். உன்னிடம் தெரியாமல் வாங்கிக்கொண்டதைத் தெரிந்தே வாங்க வேண்டும். அது என்னால் ஆகாது. வேண்டாம் என்றால், அவள் காதுபட அவள் அம்மாவைத் திட்ட இந்த மலையில் வேறு யார் இருக்கிறார்கள்? எனக்கும், உன்னைத் திட்டினால் புரிந்துகொண்டு சிரிக்க வேறு யார் இருக்கிறார்கள்? நீ உயிரோடு இருந்தால் போன் செய்து வாய்க்கு வந்தபடி கேட்டிருப்பேன். "ஆமாண்டி, ஏமாத்தினேன். இப்ப என்னங்கற?" என்று நீயும் சொல்லியிருப்பாய். அதோடு தீர்ந்திருக்கும். நீ பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய். தீராத வழக்கை என் மடியில் போட்டுவிட்டு.

இன்று காலை அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. பத்திரமாக வீடு சேர்ந்துவிட்டாளாம். அதோடு இன்னொரு வரி: "ரோட்டிலிருந்து பாத்தாலும் அந்த ஏரி எவ்வளவு அழகு ஆண்ட்டி! மலைக்கு நடுவுல இயற்கையாவே இப்படி ஒரு ஏரி அமைஞ்சிருக்கே!"

இயற்கையாக! ஓடைகளை மறித்துக் கரை கட்டி, ஒரு கலெக்டர் வெட்டவைத்த ஏரி. திப்புவின் உத்தரம் தெரிந்தவளுக்கு இது தெரியாதா? ஒன்று, நீ அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க மறந்திருக்க வேண்டும். அப்படி மறக்கிறவள் இல்லை நீ. இல்லையென்றால், அவள் உன்னிடமிருந்து கற்றுக்கொண்டது வரலாறு மட்டுமல்ல. இரண்டில் எது என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. இரண்டாவதாக இருந்தால் எனக்குக் கோபம் வர வேண்டும். வந்தது. ஆனால் அந்த வரியை அப்படியே தப்பாக விட்டுவைக்க என் கை கேட்கவில்லை. இத்தனை வயதுக்கு மேல் என்னிடம் மிச்சமிருப்பது இந்தக் கை ஒன்றுதான். அதை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தவள் நீ.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துப் பிழை இல்லாமல், ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன்:

"அது இயற்கை ஏரி அல்ல. இதைப் போனில் விளக்க முடியாது. மார்ச்சில் வா. சனி ஞாயிறு கூடாது."