இடுப்பளவுக் கதவு

என் வாயாடிக்கு,

நான் நலம். நீயும் குட்டியும் சுகமா? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

பயப்படாதே, ஒரு வேடிக்கைதான். போன வாரம் ஓர் அறைக்குக் கதவு அளந்தேன். பழைய பழக்கத்தில் இஞ்சில் அளந்துவிட்டு, பட்டறைக்கு போனில் "உயரம் எழுபத்தெட்டு" என்று மட்டும் சொன்னேன். இங்கே எல்லாம் சென்டிமீட்டர். வந்த கதவு என் இடுப்புக்குத்தான் இருந்தது!

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். "இதுல யாருய்யா நுழைவா, உன் பொண்ணா?"

"அவளும் குனியணும்ணே. மூணே முக்கால் அடி, ரெண்டு விரக்கடை" என்று நீ எழுதியிருந்ததைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். ஆனாலும் என் டேப்பில் இஞ்சு ஓரம் முழுக்கக் கறுப்பு பெயிண்ட் அடித்துத்தான் கொடுத்தார்.

குட்டிக்குப் பள்ளிக்கூடத்தில் சென்டிமீட்டர்தானே? வீட்டிலும் அதையே பேசுங்கள். என்னைப்போல் அவளும் இரண்டுங்கெட்டானாக வேண்டாம். அவள் உயரத்தை அவளுடைய ஸ்கேலாலேயே அளந்து எழுது. இங்கே என் கட்டிலோரச் சுவரில் கோடு போட வேண்டும். அடிக்கணக்கை மாற்றிப் பார்த்தேன், நூற்றுப்பதினான்கு வந்தது. அதற்குமேல் அந்த இரண்டு விரல் அகலத்தைப் போட முடியவில்லை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. உன் விரல் எவ்வளவு அகலம் என்பது மறந்துவிட்டது, அதையும் அளந்து எழுது.

உன்னவன்