வழியில் ஆன தாமதம்

செவ்வாய், இரவு.

ஒளித்துகளுக்கு நிறை உண்டா என்பது இன்றைய வகுப்பு. ரேடியோ அலையும் ஒளிதான். தொலைதூர வெடிப்பிலிருந்து ஒன்றாகக் கிளம்பினாலும் நீண்ட அலைகள் பிந்தி வரும். வழியிலுள்ள எலக்ட்ரான்கள் காரணம். ஒளிக்குத் துளி நிறை இருந்தாலும் இதே மாதிரிதான் பிந்தும்.

“ரெண்டையும் எப்படி மேம் பிரிப்பீங்க?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

“முழுசா முடியாதும்மா. வழியில ஆன லேட்டைக் கழிச்சிட்டு, நிறை இதுக்கு மேல இருக்காதுன்னு மட்டும் சொல்லலாம்.”

வீட்டுக்குள் நுழைந்ததும் இவர் கேட்டார். “இன்னிக்கும் லேட்டா?”

“கேம்ப் ரோடுல ஒரே டிராஃபிக்.”

பொய்யில்லை. ஆனால் சேலையூரில் பஸ்ஸை விட்டு இறங்கியும் வீட்டுக்கு வர மனமில்லாமல் நிறுத்தத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தினமும் அப்படித்தான்.

“தினம் இந்த டிராஃபிக்ல எதுக்குக் கஷ்டப்படுற? வேலையை விட்டுடு. வீட்லயே நிம்மதியா இரு.”

கனிவாகத்தான் சொன்னார். அதுதான் எரிச்சல். சண்டை போடவும் வழியில்லை.

டிராஃபிக் அவ்வளவு மோசமில்லை என்று வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால், மீதித் தாமதம் யாருடையது என்று கேட்டிருப்பார்.