நம்பர் மூணுக்குக் கிட்ட

பழவேற்காடு
12.6.2024

அன்பு மக கோமளாவுக்கு,

நைனா தங்கவேல் சொல்லச் சொல்ல, ரத்தம் எடுக்க வர்ற லேப் பொண்ணு ஜமுனா எழுதுறது. மஸ்கட்டுல நீ நல்லாருக்கியா? போன்ல நீ கத்துறது என் காதுல ஏறல. எழுதி அனுப்பு, ஜமுனா காதுகிட்ட வந்து படிக்கும்.

இந்த மாசம் ரத்த டெஸ்ட்டுல நம்பர் ஒன்றரைதான். மூணுக்குக் கிட்ட நிக்கணுமாம். இல்லனா நெஞ்சுல வெச்ச வால்வுல ரத்தம் கட்டிக்குமாம். "நம்பரை எறக்கற கீரையா தின்னியா தாத்தா?"னு ஜமுனா அதட்டுது. உங்கம்மா போனதோட கீரையும் போச்சுனு சொன்னேன்.

நைனா (கைநாட்டு)

மஸ்கட்
19.6.2024

அன்புள்ள நைனாவுக்கு,

பழைய ரிப்போர்ட்டெல்லாம் ஜமுனாக்கா அனுப்பிச்சு. ஏரியில வலை போட நம்ம பாடு முறை வர்றப்பல்லாம் நம்பர் எறங்குது. இன்னா பண்றே நைனா? நண்டு கடிச்சா ரத்தம் நிக்காதுனு, ரத்தம் கட்டாம இருக்கப் போடற மாத்திரைய முன்னாடியே நிறுத்திடறியா? அம்மா மேல சத்தியமா சொல்லு.

பாடு முறையைக் கூட வலை போடற சிவசங்கர் அண்ணன்கிட்ட குடுத்துடு. அடுத்த தடவையும் நம்பர் ஏறலனா, லீவு போட்டு வந்து உன் தலைமாட்டுல உக்காந்துக்குவேன்.

கோமளா

பழவேற்காடு
3.7.2024

அன்பு மகளுக்கு,

கண்டுபுடிச்சிட்டே. ஜமுனா வேற சிரிக்குது. மாசியில வலையிலருந்து நண்டை எடுக்கறப்ப கவ்விச்சு. துணி சுத்தியும் நிக்கல. "கெழவா, ஏரியையே செவக்க வெச்சிடுவியா?"னான் சிவசங்கர். எல்லாரும் சிரிச்சானுங்க. அதுலருந்துதான் பாடு வர்றதுக்கு முன்னாடி மாத்திரைய நிறுத்தினேன். உன் கால்ல கெளுத்தி முள்ளு ஏறினப்ப வாயாலயே உறிஞ்சித் துப்பினவன் நான். பச்சைப் பாவாடை போட்டிருந்தே. ஒரு கொலுசு தொலஞ்சதுக்குத்தான் அழுதே, முள்ளுக்கு இல்ல.

பாடு முறையைக் குடுத்துட்டேன். ஊர்க்கூட்டத்துல முறை சொல்றப்ப என் பேரைக் கூப்பிடுவாங்க. எனக்குக் கேக்காது, ஆனா எல்லாரும் என் பக்கம் திரும்புவாங்க. இனி அது இல்ல.

மாத்திரை தவறாம போடறேன். நீ வர்றேன்னியே, உன் பாயை வெயில்ல காயப் போட்டிருக்கேன்.

நைனா

மஸ்கட்
24.8.2024

அன்புள்ள நைனாவுக்கு,

ரெண்டு தடவையும் நம்பர் சரியா வந்திருக்குனு ஜமுனாக்கா சொல்லிச்சு. வயிறு குளுந்துச்சு நைனா. இங்க நான் வேலை பாக்கற வீட்டுக்காரம்மாவுக்கு ஆபரேஷன், லீவு கேட்டா மூஞ்சைத் தூக்கும். நல்லவேளை, கேக்கத் தேவையில்லாம போச்சு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம். ஒடம்பைப் பாத்துக்கோ.

கோமளா

பழவேற்காடு
11.9.2024

அன்பு மகளுக்கு,

இந்தத் தடவையும் மூணுக்குக் கிட்டதான். ஆடாம நிக்குதாம். அதனால ஜமுனா மாசாமாசம் வரத் தேவையில்லயாம், மூணு மாசத்துக்கு ஒருக்கா போதும்னு டாக்டர் சொல்லிட்டாராம். லெட்டரும் இனி அப்பதான்.

நேத்து நம்ம பாடு. கரையில போய் நின்னேன். சிவசங்கர் படகுலருந்து எதையோ கத்தினான். இன்னான்னு தெரியல, நானும் கையை ஆட்டினேன். பாயைச் சுருட்டிப் பரண்மேல வெச்சிட்டேன், எலி கடிக்காது.

மாத்திரைய நிறுத்தினா நீ வந்துடுவேனு ஒருநாள் தோணிச்சு. இதை எழுதாதேனு ஜமுனாகிட்ட சொல்றேன், அது பாட்டுக்கு எழுதுது. பயப்படாதே. இன்னிக்கு மாத்திரைய அது எதிர்லயே முழுங்கிட்டேன். தண்ணி மொண்டு குடுத்துச்சு. பஸ்ஸுக்கு நேரமாச்சாம், கெளம்புது.

நைனா (கைநாட்டு)