மீட்டர் பார்த்த கண்ணும் ஒரு கருப்பு மூடியும்

அக்கா,

இன்றைக்குக் காலையில் உங்கள் சோப்பு டப்பாவைத் திறந்தபோது என் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் மூன்று பேர். நான், உங்கள் மருமகள் எஸ்தர், பொம்மனஹள்ளியில் இருந்து புது வீட்டுப் பத்திரிகை வைக்க வந்த கலா. வேறு யாரும் இல்லை. என் வீட்டுக்காரர் பால் வாங்கப் போயிருந்தார். யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிற்பாடு ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். நம் லிங்கராஜபுரத்துக் காம்பவுண்டைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா?

எஸ்தர் உங்கள் அலமாரியை ஒழித்துக்கொண்டிருக்கிறாள். "ஆன்ட்டி, இது எங்களுக்கு ஒண்ணும் புரியல, நீங்க வச்சுக்கோங்க" என்று நீட்டினாள். மூடியைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. நீங்கள் சால்டரிங் பேஸ்டைத் தொட்டுச் சூடு வைக்கும்போது வருமே, சாம்பிராணியும் இல்லாமல் தாரும் இல்லாமல் ஒரு வாசனை, அது. உள்ளே கம்ப்யூட்டர் மவுஸில் இருந்து நீங்கள் எடுத்த அந்தக் கண் இருந்தது. அதோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, நான் அதுவரை பார்த்தே இராத இன்னொரு பொருளும் இருந்தது.

அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே பிடிபடும்.

நம் நாலு வீட்டுக்கும் மாடித் தொட்டியில் இருந்து ஒரே குழாய்தான் இறங்கும். இந்தக் கண்ணை நீங்கள் செய்த வருஷம் தொட்டியில் தண்ணீர் நிற்கவே இல்லை. மோட்டார் போட்டு நிரப்பினால் மறுநாளே அடி தெரியும். வீட்டு ஓனர் இறங்கு குழாயில் தனியாக ஒரு மீட்டரைப் பொருத்தி, தினமும் காலையில் எண்ணைக் குறிக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார். எண் ஏறுவது தெரிந்ததே ஒழிய, எந்த நேரத்தில் ஏறுகிறது என்பது தெரியவில்லை. எனக்கு எல்லார் மேலும் சந்தேகம். முதல் வீட்டு ஆசிரியரம்மா மேல், அவள் செடிகள் மேல், இரண்டு வேளை குளிக்கும் என் வீட்டுக்காரர் மேல்கூட. ஆனால் பெரிய சந்தேகம் நாலாவது வீட்டுக் கலா மேல்தான். அவள் புருஷனுக்குப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஹாலோ பிளாக் பட்டறையில் வேலை. சிமெண்டுக் கல்லுக்கு நாள் பூரா தண்ணீர் தெளிக்க வேண்டும். சுவர் தாண்டி ஒரு ஓஸ் பைப்பை விட எவ்வளவு நேரம் ஆகும்?

நீங்கள்தான் சொன்னீர்கள், "ஒரு கண்ணை வச்சுப் பாத்துடலாம் வாம்மா, கணக்குப்பிள்ளை" என்று.

டெலிபோன் செய்கிற தொழிற்சாலையில் அத்தனை வருஷம் சால்டரிங் செய்துவிட்டு வி.ஆர்.எஸ். வாங்கி வந்தவர் நீங்கள். கை சும்மா இருக்காது. எஸ்.பி. ரோட்டில் தள்ளுபடிக்குக் கிடந்த ஒரு மவுஸை வாங்கி வந்து, திருகாணியைக் கழற்றி, உள்ளே இருந்த கருப்புச் சில்லைக் காட்டினீர்கள். அதில் கடுகு அளவு ஓட்டை. "இதான் கண்ணு. மேஜையைப் பாத்துக்கிட்டே இருக்கும். படத்துக்கு மேல படமா எடுத்து, போன படத்துக்கும் இந்தப் படத்துக்கும் எவ்வளவு நகர்ந்திருக்குன்னு சொல்லும். அவ்வளவுதான் இதுக்குத் தெரியும்."

நான் நம்பவில்லை. கேமராவை வைத்துக்கொண்டு கதை சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். மீட்டருக்கு எதிர்ப்புறம் குளியலறை.

"இது அந்தப் பக்கம் திரும்பினா?"

"திரும்பினாலும் உன்னை இதுக்கு அடையாளம் தெரியாதும்மா."

"தெரியாதுன்னு நீங்க சொல்றீங்க. அது சொல்லலையே."

சிரித்துவிட்டு, அது பார்ப்பதை உங்கள் மகனின் கம்ப்யூட்டரில் காட்டினீர்கள். கிராஸ் ஸ்டிச் போடுகிற துணி மாதிரிச் சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரு சாம்பல் நிறம். என் விரலை வைத்தேன். விரல் என்று யாரும் சொல்ல முடியாது. மழைக்கால வானம் மாதிரி இருந்தது. அப்படியும் அன்றைக்குக் குளியலறைச் சன்னலில் ஒரு துணியைத் தொங்கவிட்டேன். அந்தத் துணி இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

மீட்டர் கண்ணாடிக்குள் ஒரு குட்டிச் சிவப்பு நட்சத்திரம் உண்டு. தண்ணீர் ஓடினால் சுற்றும், நின்றால் நிற்கும். கண்ணை அதற்கு நேராக ஒட்டினீர்கள். கண் சொல்வதைக் கேட்டு எண்ணுவதற்குப் பூரான் மாதிரி இருபக்கமும் கால் வைத்த மைக்ரோகன்ட்ரோலர் ஒன்று. மணிக்கு மணி எவ்வளவு அசைவு என்று அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். பொத்தானை அழுத்தினால் பச்சைத் திரையில் காட்டும். அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய கட்டளைகளை மாதப் பத்திரிகை ஒன்றைப் பார்த்துப் பார்த்து நீங்களே எழுதினீர்கள். நடுவில் ஒரு நாள் கோபத்தில் அதைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, சாயங்காலம் நீங்களே பொறுக்கி எடுத்ததும் எனக்குத் தெரியும். எல்லாம் ஒரு சோப்பு டப்பாவுக்குள் அடங்கியது.

கண் வந்ததும் காலையில் மீட்டர் எண்ணைக் குறிப்பதை நான் விட்டுவிட்டேன். முதல் வாரமே கண் பேசிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை, நாம் மூன்று வீட்டாரும் ஆராதனையில் இருந்த நேரத்தில், திரையில் எண் தாறுமாறாக ஏறியிருந்தது. அடுத்த ஞாயிறும் அப்படியே. அந்த நேரத்தில் காம்பவுண்டில் இருந்தவள் கலா மட்டும்தான்.

வீட்டு ஓனர் வந்து நடுமுற்றத்தில் நின்று அவளைக் கூப்பிட்டார். ரெடிமேட் தொழிற்சாலையில் இருந்து அப்போதுதான் வந்திருந்தாள், கையில் டிபன் கேரியர்.

"சார், ஞாயித்துக்கிழமை நான் குழாயைத் தொடுறதே இல்ல. சனிக்கிழமையே துவைச்சு வச்சுடுவேன். காலையில காயப்போடுறது மட்டும்தான்."

"மெஷின் சுள்ளு ஹேளல்லம்மா" என்றார் அவர் கன்னடத்தில். மெஷின் பொய் சொல்லாதாம்.

"அப்ப நான்தான் சொல்றேனா?"

மாதம் முடிவதற்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கலா உங்களைப் பார்த்தாள். நீங்கள் சோப்பு டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "அது பாத்ததைத்தான் சொல்லுது" என்று மெதுவாகச் சொன்னீர்கள். எனக்கு அந்த வார்த்தை அன்றைக்கே உறுத்தியது. சாட்சி சொல்கிறவன் கர்த்தருக்குப் பயப்பட வேண்டும். இந்தச் சில்லு யாருக்குப் பயப்படும்?

ஆனாலும் கலாவை நம்பினேன் என்று எழுத மாட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்கு வரவில்லை என்று உங்களிடம் சொன்னது அவளைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பிறகு, பிரசவம் தவிர நான் ஞாயிறு தவறவிட்டது அது ஒன்றுதான். வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு மீட்டருக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன்.

கலா ஈரத்துணி வாளியோடு வெளியே வந்தாள். "என்னக்கா, சர்ச்சை இங்கயே மாத்திட்டாங்களா?" என்றாள். அவள் கொடியில் ஒவ்வொன்றாக உதறிப் போட்டாள். மற்ற நாட்களில் விடிந்ததும் வேலைக்கு ஓடுகிறவள், துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போடுவாள். ஞாயிறுதான் முற்றத்துக் கொடி. இரண்டு வீட்டுக்கு நடுவில் இருந்து வெயில் இறங்கியது. காற்று அடித்தது.

பச்சைத் திரையில் எண் ஏற ஆரம்பித்தது.

எழுந்துபோய் அவள் வீட்டுக்குள்ளேயே பார்த்தேன். எந்தக் குழாயும் திறந்திருக்கவில்லை. ஓஸ் பைப்பும் இல்லை. திரும்பி வந்து மீட்டரை ஒட்டி இருந்த வால்வை இறுக்கி மூடினேன். குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் சிவப்பு நட்சத்திரம் கல்லு மாதிரி நிற்கிறது. எண்ணோ ஏறிக்கொண்டே போகிறது. கலாவின் நீலப் புடவை காற்றில் ஆடுகிறது. அதன் நிழல் மீட்டர் கண்ணாடிமேல் விழுகிறது, போகிறது, விழுகிறது, போகிறது. என் முந்தானையை எடுத்து மீட்டரை மூடினேன். எண் நின்றது. எடுத்தேன், ஏறியது.

"கலா, இங்க வா. உன் புடவையைப் பிடிச்சுக்கோ. ஆடாமப் பிடி."

அவள் பிடித்தாள். எண் நின்றது. அவள் முகத்தைப் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன். "உங்க கண்ணும் இந்தக் கண்ணும் ஒண்ணுதான்கா. ரெண்டும் என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு" என்றாள்.

நீங்கள் எல்லாரும் திரும்பி வந்ததும் எல்லார் முன்னாலும் முந்தானையைப் போட்டும் எடுத்தும் காட்டினேன். ஆசிரியரம்மா கைதட்டினாள். நீங்கள் பையைக் கீழே வைத்துவிட்டு டப்பாவை மெதுவாகப் பெயர்த்து எடுத்தீர்கள். "கண்ணுக்கு வெயில் ஆகாதுன்னு எனக்குத் தோணாமப் போச்சு" என்றீர்கள். அதற்குப் பிறகு அந்தக் கண்ணை நீங்கள் மீட்டர்மேல் வைக்கவே இல்லை. தொட்டியின் பின்பக்கத்தில் பாசி படர்ந்த ஒரு கீறலைக் கொத்தனார் கண்டுபிடித்தார். தண்ணீர் மீட்டருக்கு வருவதற்கு முன்பே சுவர் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. கலா அப்போது காலி செய்யவில்லை; பல வருஷம் கழித்துத் தானாகத்தான் பொம்மனஹள்ளிக்குப் போனாள்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச நாள் கழித்து வாடகை வாங்க வந்த வீட்டு ஓனர் பேச்சுவாக்கில், நாலாவது வீடு காலியானால் உங்கள் தங்கை மகனுக்கு வேண்டும் என்று நீங்கள் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்ததாகச் சொன்னார். எப்போது கேட்டீர்கள் என்று அவருக்கு நினைவில்லை. நானும் உங்களிடம் கேட்கவில்லை. உங்கள் ரசத்தைக் குடித்தேன், உங்களோடு ஞாயிறு பஸ் ஏறினேன், சர்க்கரை வந்து உங்கள் கால் வீங்கியபோது எண்ணெய் தடவினேன். அந்தக் கேள்வி மட்டும் தொண்டையில் மீன் முள் மாதிரி இருந்தது. பிறகு அதுவும் கரைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

இன்றைக்கு ரப்பர் பேண்டைக் கழற்றினேன். ஃபிலிம் ரோல் வருமே, அந்தக் கருப்பு டப்பாவைக் குறுக்கே வெட்டிச் செய்த ஒரு சின்ன மூடி. ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து வளைவு கொடுத்திருக்கிறீர்கள். கண்ணோடு சேர்த்து முற்றத்துக்குக் கொண்டுபோய் மீட்டர்மேல் வைத்தேன். கண்ணும் கண்ணாடியும் ஒன்றாக அதற்குள் அடங்கின. ஒரு நூல் வெயில் உள்ளே போகாது.

எப்போது செய்தீர்கள் அக்கா?

அந்த ஞாயிறுக்கு முன்பே செய்திருந்தால், கண்ணுக்கு வெயில் ஆகாது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே மூடாமல் வைத்திருக்கிறீர்கள். ஆனால் அப்படிச் செய்கிறவர் மூடியைத் தூக்கிப் போட்டிருப்பார், இத்தனை வருஷம் ரப்பர் பேண்ட் மாற்றி மாற்றிப் பத்திரமாக வைத்திருக்க மாட்டார். பின்னால் செய்தீர்கள் என்றால், தப்பைத் திருத்தாமல் கை கேட்கவில்லை, உபயோகம் இல்லை என்று தெரிந்தும் செய்து வைத்தீர்கள். அதுவும் உங்கள் குணம்தான். அப்படியானால் என்னிடம் ஏன் காட்டவில்லை? கருகிப்போன கம்பித் துண்டைக்கூட "இங்க பாரும்மா" என்று கொண்டுவந்து காட்டுகிறவர் நீங்கள்.

கலா மூடியை விரலில் மாட்டிக்கொண்டு பார்த்தாள், தையல்காரர் விரலுறை மாதிரி. "விடுங்கக்கா. போய்ச் சேர்ந்தவங்களை நிக்கவச்சுக் கேள்வி கேக்கணுமா? எனக்கே வேணாம்னு விட்டாச்சு, உங்களுக்கு என்ன?"

"உனக்கு வீடுதானே போக இருந்துச்சு" என்றேன். அதற்கு மேல் அவளிடம் சொல்ல வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன். போனவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் நம் சபையில் இல்லை. ஆனால் கர்த்தர் எனக்குத் தந்த மனிதர்களுக்காக ஸ்தோத்திரம் சொல்லும்போது தினமும் உங்கள் பெயரைச் சொல்வேன். இன்றைக்கு மத்தியானம் உங்கள் பெயர் வந்ததும் வாய் நின்றுவிட்டது. அடுத்த பெயருக்குப் போகவும் முடியவில்லை. பொய்யாக ஸ்தோத்திரம் சொல்ல எனக்குத் தெரியாது.

அந்த ஞாயிறுக்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. யாரைப் பற்றியாவது மனதில் எண் ஏறிக்கொண்டே போனால், முந்தானையால் ஒரு தடவை மூடிப் பார்ப்பேன். அசைவது அவர்களா, அவர்கள்மேல் விழுகிற நிழலா என்று. ஆசிரியரம்மாவுக்கும் மூடிப் பார்த்திருக்கிறேன், என் சொந்த மகளுக்கும். உங்களிடம் இருந்து எனக்குத் தங்கியது அதுதான். இன்று பூரா உங்களை அப்படி மூடியும் எடுத்தும் பார்க்கிறேன். மூடினாலும் எண் நிற்க மாட்டேன் என்கிறது.

வருகிற வியாழக்கிழமை கலா வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். இரண்டே அறைதான், ஆனால் மாடியில் தனித் தொட்டி, தனி மீட்டர். உங்கள் சார்பாகவும் ஒரு பாத்திரம் வாங்கி வைக்கச் சொல்லி எஸ்தர் பணம் கொடுத்திருக்கிறாள். அதை எந்த முகத்தோடு அவள் கையில் கொடுப்பது என்று எனக்குத் தெரிய வேண்டும். மூடியைச் செய்தது முன்னாலா, பின்னாலா, ஒரு வார்த்தை போதும். கனவில் வந்து சொன்னாலும் சரி. வியாழனுக்குள் சொல்லிவிடுங்கள் அக்கா.