பட்டியலில் இல்லாத ஊர்

மல்லேஸ்வரம்,
8-4-1961

அன்புள்ள உங்களுக்கு,

கோடைக்கு நாம் இருவரும் சுற்ற நீங்கள் போட்ட திட்டம் கிடைத்தது. பதினைந்து நாளில் ரோம், வெனிஸ், பாரிஸ் என்று ஒன்பது ஊர்கள்! எதை விடுவதென்றே புரியவில்லை.

டிக்கெட் ஆபீசில் காட்டினேன். "பாதி நாள் ரயில்லயே போயிடும்மா, நாலு ஊர் போதும்" என்றார் குமாஸ்தா. பிறகு, உறையிலிருந்த உங்கள் ஜெர்மனி விலாசத்தைப் பார்த்து, "சார் வேலை பார்க்கிறது ஸ்டட்கார்ட்தானே? அது இதிலே இல்லையே?" என்றார்.

மறந்திருப்பீர்கள் என்றேன். ஆனால் மூன்று வருஷமாக நீங்கள் குடியிருக்கும் ஊர் உங்களுக்கு எப்படி மறக்கும்? கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தும் விளங்கவில்லை.

கடைசியில் ஒன்பதையும் அடித்துவிட்டு, ஸ்டட்கார்ட்டுக்கு மட்டும் டிக்கெட் வாங்கிவிட்டேன். பதினைந்து நாளும் உங்கள் அறையிலேயே இருந்துகொள்கிறேன். செய்தது சரியா என்று தெரியவில்லை. ஜூன் மூன்றாம் தேதி வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி