அசையாத கோடு

அம்மு,

"பாப்பாவுக்கு வலிக்குதா?" என்று அக்காவிடம் கேட்டனுப்பியிருந்தாய். முதலில் நீ பிரசவப் படுக்கையிலிருந்து எழுந்து உட்காரப் பார்.

குறைமாதப் பிள்ளையல்லவா, கண்ணாடி அறைக்குள் வைத்து, வலியை அளக்க உள்ளங்காலில் ஒயர் ஒட்டியிருக்கிறார்கள். அதில் துளி மின்சாரம் ஓடும். வலித்தால் தோல் லேசாக வியர்க்கும், மின்சாரம் கூடும், திரையில் கோடு எழும்பும். முதல் நாள் ஊசி குத்தியும் கோடு அசையவில்லை. எலக்ட்ரீஷியன் புத்தி எங்கே போகும்? ஒயரில்தான் கோளாறு என்று நர்ஸிடம் மல்லுக்கு நின்றேன்.

"ஒயர் நல்லாத்தான் இருக்கு சார். தோல்தான் இன்னும் முதிரல. வலிச்சாலும் காட்டாது" என்றாள்.

அன்றிலிருந்து கோடு எழும்பாதா என்று கண்ணாடி வழியே திரையையே பார்த்துக் கிடந்தேன்.

இன்று ஊசி குத்தியதும் விருட்டென்று எழும்பியது. "தோல் தேறிடுச்சு!" என்று நர்ஸ் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது அம்மு. நாளைக்கும் ஊசி இருக்கிறது. நான் கண்ணாடிக்கு வெளியேதான் நிற்பேன்.

பாப்பாவின் அப்பா